கடலடியில் புதைந்த மோதல் பள்ளத்தை உறுதிசெய்யும் முறை

கண்டத்திட்டின் படிவுகளுக்கடியில் வட்டமான குழி ஒன்று தென்பட்டதும் அதை விண்கல் மோதிய பள்ளம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆழத்திலுள்ள உப்புப் படுகை நகர்ந்து மேலடுக்குகள் உள்வாங்கினாலும், பழைய எரிமலை வாயை மண் மூடினாலும் வடிவம் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

முதல் வேலை நில அதிர்வு அலைப் பதிவுகளைப் பெறுவது. எண்ணெய் நிறுவனங்கள் பல கடற்பரப்புகளில் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதால், புதிதாகக் கப்பல் அனுப்புவதற்கு முன் அவற்றைக் கேட்டுப் பார்ப்பதே சிக்கனம். வெட்டுப்படத்தில், விளிம்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக இறங்கும் பிளவுகள், நடுவில் மேலெழுந்த பாறை, ஒழுங்கற்ற எதிரொலி தரும் நிரப்பு ஆகியவற்றைத் தேடவும். இவற்றைவிட நம்பத்தக்க அடையாளம் ஒன்றுண்டு: மோதலால் நேர்ந்த சிதைவு ஆழம் செல்லச் செல்லக் குறைந்து மறையும், உப்புக்கும் எரிமலைக்கும் வேர் கீழே தொடரும்.

ஈர்ப்பு, காந்த அளவீடுகள் துணைச் சான்றுகளே. மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்திலுள்ள சிக்சுலுப் பள்ளத்தை 1978இல் புவி இயற்பியலாளர் கிளென் பென்ஃபீல்ட் காந்தத் தரவில் வில் வடிவமாகக் கண்டும், பழைய துளைகளின் பாறைத் துண்டுகளில் அதிர்ச்சியுற்ற குவார்ட்ஸ், அதாவது மோதலின் கடும் அழுத்தத்தால் உள்ளமைப்பு சிதைந்த படிகத் துகள், காட்டப்பட்டு 1991இல் கட்டுரை வெளிவந்த பிறகே அது பரவலாக ஏற்கப்பட்டது.

ஆகவே உழைப்பின் பெரும்பகுதியைக் குவார்ட்ஸ் துகளுக்கே ஒதுக்கவும். துளையிட்டு எடுத்த பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்து மெல்லத் திருப்பினால், அதிர்ச்சியுற்ற துகளில் சில மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் நேராகவும் இணையாகவும் ஓடும் கோடுகள் தெரியும். ஒரே துகளில் இரண்டு மூன்று திசைகளில் அவை ஒன்றையொன்று வெட்டினால் சான்று மிக வலுவானது. நிலவோட்டுத் தட்டுகள் நகர்வதால் எழும் அழுத்தம் உண்டாக்கும் கோடுகள் வளைந்தும் அகன்றும் பெரும்பாலும் ஒரே திசையிலும் இருக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான் என்பதால், படிக அச்சோடு கோடுகள் அமைக்கும் கோணத்தையும் அளந்துகொள்ளவும். துகள் கிடைத்த ஆழம் பள்ளத்தின் அடித்தளத்தோடு பொருந்துவதும் அவசியம். வட கடலின் சில்வர்பிட் 2002இல் அறிவிக்கப்பட்டு, உப்பு நகர்வா மோதலா என்று நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. எண்ணெய்க் கிணறு ஒன்றின் மாதிரியில், அடித்தள ஆழத்திலேயே இத்தகைய துகள்கள் கிடைத்த செய்தி 2025இல் வெளியானது.

வயதைக் கணிக்க, மோதலில் நொறுங்கிப் பள்ளத்தை நிரப்பிய உடைகல் கலவையிலுள்ள மிக இளைய நுண்புதைபடிவத்தின் வயதை மேல் வரம்பாகவும், அதன்மேல் குலையாமல் படிந்த முதல் அடுக்கின் வயதைக் கீழ் வரம்பாகவும் கொள்ளவும். மோதலில் உருகித் தொலைவில் சிதறிய கண்ணாடித் துகள்கள் கிடைத்தால், அவற்றில் சேர்ந்துள்ள ஆர்கான் வாயுவை அளந்து வயதறியும் முறையில் இன்னும் துல்லியமாகக் கணிக்கலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 85 கி.மீ. அகலமுள்ள செசபீக் விரிகுடாப் பள்ளத்தின் 3.5 கோடி ஆண்டு வயதுக்கு டெக்சாஸ், ஜார்ஜியா மாநிலங்களில் கிடைக்கும் டெக்டைட் எனப்படும் இத்தகைய கண்ணாடிகளும் சான்று.