எழும்பூரில் தொடங்கிப் புத்தர் வாழ்க்கையைப் படிக்கும் முறை

புத்தரின் வாழ்க்கையைச் சரியாக அறிய விரும்பும் சென்னைவாசி, நூல்களைப் புரட்டுமுன் பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையிலிருந்த பௌத்தத் தூபியை அணிசெய்த இந்தக் கற்களில், காலத்தால் முந்தியவற்றில் புத்தரின் உருவத்தைத் தேட வேண்டாம். ஆளில்லாத ஆசனம், பாதச்சுவடு, அரசமரம், சக்கரம் ஆகியவையே அவரைக் குறிக்கும். அமராவதி மரபில் துறவுக் காட்சியிலும் குதிரையின் முதுகு வெறுமையாகவே இருக்கும். மேலே பிடித்த குடைதான் அடையாளம்.

பிறகு நளகிரி யானை செதுக்கப்பட்ட வட்டக் கல்லின் முன் சற்று நில்லுங்கள். புத்தரின் உறவினனும் பகைவனுமான தேவதத்தன் ஏவிவிட்ட மதயானை ஒருபுறம் தெருவில் ஆட்களைத் துவைக்கிறது. அதே வட்டத்துக்குள், அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. இங்கே அவர் மனித உருவிலேயே நிற்கிறார். அவரைக் காட்டும் முறை காலப்போக்கில் மாறியதை இக்கற்களே சொல்லிவிடுகின்றன.

நூல்களுக்கும் இதே பார்வை வேண்டும். அவரே தம் கதையைச் சொல்வதாக அமைந்த பகுதிகளை முதலில் படியுங்கள். பாலி மொழிப் பௌத்த நூல்தொகுதியான மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சுத்தத்தில் (சுத்தம் என்பது புத்தரின் உரை), தலைமயிர் நரைக்காத இளமையில், பெற்றோர் கண்ணீர் வடிக்க, தலையை மழித்துக்கொண்டு வெளியேறியதாக அவர் கூறுகிறார். பலரும் அறிந்த கதையில் வரும் நள்ளிரவும் இல்லை, தேரோட்டி சன்னனும் இல்லை. கிழவர், நோயாளி, பிணம், துறவி என்னும், துறவுக்குத் தூண்டிய நான்கு காட்சிகளை இன்னொரு பாலித் தொகுதியான தீக நிகாயம் விபஸ்ஸி என்ற முந்தைய புத்தருக்கே உரியதாக விரிவாகச் சொல்கிறது. கௌதமரின் கதையாக அவை பிற்கால வரலாறுகளில் விரிந்தன. ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே அது வரும் நூலின் பெயரையும் எழுதி வைப்பது அவசியம்.

ஆண்டுக் கணக்கில் சிக்கிக்கொள்ள வேண்டாம். அவர் மறைந்தது கி.மு. 544 என்பது இலங்கை முதலிய நாடுகளில் வழங்கும் தேரவாதப் பௌத்த மரபு. 483 என்பாரும் உண்டு, 400ஐ ஒட்டி என்பாரும் உண்டு. வயதை வைத்துக் கோப்பதே எளிது: லும்பினியில் பிறப்பு, 29இல் துறவு, ஆறாண்டுத் தவம், 35இல் புத்தகயையில் ஞானம், சாரநாத்தில் ஐவருக்கு முதல் உபதேசம், 80இல் குசிநகரில் மறைவு. பிறப்பிடத்துக்கு அசோகரின் லும்பினித் தூண் சான்று. அவ்வூரின் வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைத்ததையும் அதில் பொறித்திருக்கிறார்.

புத்தரின் தந்தை சுத்தோதனரைப் பேரரசர் என்று எண்ணுவதையும் விட்டுவிடலாம், பள்ளிப் பாடம் என்ன சொல்லியிருந்தாலும். அவருடைய இனத்தாரான சாக்கியர், குலத்தலைவர்கள் கூடி ஆண்டவர்கள், அண்டை அரசான கோசலத்துக்கு அடங்கியிருந்தவர்கள். அக்காலத்தில் மகதமும் கோசலமும் வலுப்பெற, இராசகிருகமும் சிராவத்தியும் வணிக நகரங்களாகச் செழிக்க, வேள்வியை ஏற்காத துறவியர் பலர் ஊர் ஊராக வாதிட்டுத் திரிந்தனர். மகாவீரர் அவர்களுள் ஒருவர். புத்தரின் சங்கம் இந்தச் சூழலில்தான் உருவாகி, அனாதபிண்டிகர் போன்ற வணிகர்களின் கொடையால் நிலைபெற்றது.

இவ்வளவும் தெளிந்தபின் மணிமேகலையின் முப்பதாம் காதையை எடுங்கள். பேதைமை, செய்கை, உணர்வு எனத் தொடங்கி, ஒன்றிலிருந்து ஒன்றாகத் துன்பம் தோன்றும் காரணத் தொடரான பன்னிரு சார்புகளையும் சாத்தனார் அங்கே வரிசையாக விளக்குகிறார். ஒரே மூச்சில் படிக்காமல், சார்புக்கு ஒரு நாள் என வைத்துக்கொள்வதே உகந்தது.