புதுத் தடுப்பூசி போடலாமா? இளவயதில் முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் செவிலியராக வேலை பார்க்கத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதும் இப்போது என் பொறுப்பு. உள்நாட்டில் உருவாகும் டெங்கு தடுப்பூசியைப் 10,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சோதிக்கும் ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அது விற்பனைக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாமா என்ற பேச்சு அன்றிலிருந்து பிள்ளைகளிடையே அடிக்கடி எழுகிறது. அவர்கள் பேசுவதைக் கேட்கும்போது, இருபத்து மூன்று வயதில் நான் பேசியவை ஒரு சொல்லும் மாறாமல் திரும்ப வருகின்றன. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பக் கூடாது, கடுங்காய்ச்சலோடு போய் ஊசி போடக் கூடாது என்பவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

“பெறவு பாத்துக்கிடுவோம்” என்று நாள் குறிக்காமல் விடுவது

நான் வேலைக்குச் சேர்ந்த 1998இல் எங்களுக்குப் புதிதாக இருந்தது, இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசி. இறக்குமதிச் சரக்காக மட்டும் கிடைத்த காலத்தில் அதன் விலை எங்கள் சம்பளத்துக்கு எட்டாததாக இருந்தது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இல் ஷான்வாக்-பி என்ற பெயரில் இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியதும் விலை வெகுவாக இறங்கியது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்பது கணக்கு. “நாம நாள் பூரா ரத்தத்துலதான் கெடக்கோம், போட்டுக்கிடுட்டி” என்று வார்டின் மூத்த சிஸ்டர் சொன்னபோது, “மத்தவங்க போடட்டும்க்கா, பெறவு பாத்துக்கிடுவோம்” என்று நான் பதில் சொன்னேன். உடம்பில் ஒரு நோவும் இல்லாத வயது அது. தலைவலிக்குக்கூட மாத்திரை தேடாத எனக்கு எதற்கு ஊசி என்பதே என் எண்ணமாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஓர் இரவுப் பணியில், பயன்படுத்திய ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டும்போது அது என் விரலில் ஏறிவிட்டது. அந்த நோயாளியின் இரத்தத்தில் பி வைரஸ் இருப்பது கேஸ் ஷீட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கும் நிலையில் அப்படிக் குத்தினால், தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 30 பேர் வரை நோயில் விழக்கூடும். உடனடிப் பாதுகாப்புக்கான இம்யூனோகுளோபுலின் மருந்தை முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்; நான் விசாரித்த கடை எதிலும் அன்று அது இருப்பில் இல்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணத்தோடு என் தகப்பனார் மதுரைக்குப் பேருந்து ஏறி, ஐஸ் பெட்டியில் வைத்து வாங்கி வந்தார். வேண்டாம் என்று தள்ளிவைத்திருந்த தடுப்பூசியின் முதல் ஊசியும் அன்றே எனக்குப் போடப்பட்டது. ஆவணியில் பேசி முடித்திருந்த கல்யாணத்தை, ஆறு மாத இரத்தப் பரிசோதனை முடியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் தைக்குத் தள்ளினார்கள். நோய் எனக்கு வரவில்லை. அந்த ஆறு மாதமும் வீட்டில் என் தம்ளரைத் தனியாக வைத்துக் குடித்தேன். அப்படிச் செய்யத் தேவையில்லை என்பது படித்த எனக்குத் தெரிந்திருந்தும் மனம் கேட்கவில்லை.

பொறுத்திருந்ததற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை; எதற்காகப் பொறுத்திருக்கிறேன் என்று ஒரு நாளும் என்னையே கேட்டுக்கொள்ளாததுதான் இன்றும் உறுத்துகிறது. அந்த எட்டு மாதத்தில் அந்த ஊசியைப் பற்றி நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. படித்திருந்தால், அதே வகைத் தடுப்பூசிக்கு அமெரிக்கா 1986இலேயே அனுமதி வழங்கிவிட்டது என்பதும், எங்கள் ஊருக்குப் புதிதான ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாக உலகத்தின் பயன்பாட்டில் இருந்தது என்பதும் தெரிந்திருக்கும். நான் காத்திருந்த செய்தி நான் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தபோதே வந்து சேர்ந்துவிட்டது.

காரணத்தோடு பொறுப்பது வேறு. டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசியைப் பிலிப்பைன்ஸ் அரசு 2016 ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டது. முன்பு டெங்கு வராதவர்கள் அதைப் போட்டுக்கொண்ட பிறகு டெங்கு தாக்கினால் நோய் கடுமையாகக்கூடும் என்று அதைத் தயாரித்த சனோஃபி நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருப்பதும், ஒரு வகை வந்து போனபின் இன்னொரு வகை தாக்கும்போது நோய் முற்றுவதற்கான வாய்ப்பு கூடுவதும், டெங்கு வராதவர்களுக்கு ஊசியே அந்த முதல் தொற்றைப் போல அமைந்துவிடக்கூடும் என்பதும் இதன் அடிப்படை. ஆகவே, எந்த டெங்கு தடுப்பூசி வந்தாலும், டெங்கு வராதவர்களிடம் அது எப்படி நடந்துகொண்டது, நான்கு வகைகளிலும் தனித்தனியே என்ன பலன் தந்தது என்ற விவரத்துக்காக ஒரு பயிற்சிச் செவிலியர் காத்திருந்தால் அதை நான் முழு மனத்தோடு ஏற்பேன். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியபோது சாதாரணக் காய்ச்சல் என்று நிலவேம்புக் குடிநீர் குடித்துப் படுத்து எழுந்தவர்களில் எத்தனை பேருக்கு அது டெங்கு என்று யாரும் சோதிக்கவில்லை என்பதால், “எனக்கு முன்பு வந்ததா” என்ற கேள்விக்கே நம்மில் பலரிடம் பதில் இல்லை.

அதே பிள்ளை, காய்ச்சல் வார்டில் நின்றுகொண்டே ஃப்ளூ ஊசிக்கும் “பெறவு” என்கிறாள். அதற்கு அவள் எந்தச் செய்தியை எதிர்பார்க்கிறாள் என்று கேட்டால் பதில் இல்லை. ஊசி போட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் உடல் எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்கிறது என்பதால், ஐப்பசி மழையில் வார்டு நிரம்பிய பிறகு கையை நீட்டினால் நோய் முந்திக்கொள்ளும்.

பொறுப்பவர்கள் மூன்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளும்படி சொல்கிறேன்: என்ன தெரிந்தால் போடுவேன், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பேன், அதுவரை என் வேலையிலும் வீட்டிலும் எனக்கிருக்கும் ஆபத்து எவ்வளவு. தடுப்பூசிகளின் கடுமையான பக்கவிளைவுகள் பெரும்பாலும் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் 50,000 பேரில் ஒருவருக்கு வரும் விளைவு 20,000 பேரிடம் நடத்திய சோதனையில் தென்படாமலே போகலாம். லட்சக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்ட பின் வரும் கண்காணிப்பு அறிக்கைக்குக் காத்திருப்பது ஒரு தேதி வைத்துக் காத்திருப்பதாகும்.

ஊசியின் ஆபத்தை வெறுமையோடு ஒப்பிடுவது

“பக்கவிளைவு உண்டா, இல்லையா” என்று மட்டும் கேட்பவர்கள், ஊசி போடாவிட்டால் ஆபத்தே இல்லை என்று தம்மை அறியாமல் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் கோவிஷீல்டு என்ற பெயரில் வந்த ஆஸ்ட்ராஜெனெகா கொரோனா தடுப்பூசியால் மிக அரிதாக இரத்தக்கட்டு ஏற்படுவதும், அது இளவயதினரிடம் சற்றுக் கூடுதலாக இருப்பதும் தெரிந்ததும், பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2021 ஏப்ரல் 7 அன்று 30 வயதுக்குட்பட்ட நலமானவர்களுக்கு வேறு தடுப்பூசி கிடைத்தால் அதைத் தரலாம் என்றும், மே 7 அன்று அந்த வரம்பை 40 வயது என்றும் சொன்னது. அங்கே அப்போது தொற்று இறங்கியிருந்தது. மாற்று ஊசியும் கையில் இருந்தது. அதே மே மாதம் 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. ஆக்ஸிஜன் படுக்கைக்காக வண்டியிலேயே காத்திருந்தவர்களை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த வாரத்தில் அதே வயதுக்காரர் ஒருவர் என்னிடம் பிரிட்டனின் செய்தியைக் காட்டி ஊசி வேண்டாம் என்றபோது, அங்குள்ள நோயின் அளவையும் இங்குள்ள நோயின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் அன்றே போட்டுக்கொண்டார். வயது, ஊர், மாதம் மூன்றையும் சேர்த்துச் சொல்லாத கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்று முடிவு கட்டுவது

இந்தப் பக்கத்துக்காரரான நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, மறுநாள் மாரடைப்பால் மயங்கி விழுந்து, 17ஆம் தேதி காலமானார். அதன்பின் எங்கள் முகாமில் பல நாள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பாதகமான விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அவருடைய மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பின்னர் அறிவித்தது. அதற்குள் தயங்கி நின்றவர்கள் பலர் இரண்டாம் அலைக்குள் போய்விட்டார்கள்.

95 சதவீதத்தைத் தவறாகப் படிப்பது

ஒரு தடுப்பூசி 95 சதவீதம் பலன் தருகிறது என்றால், போட்டுக்கொண்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்பது அதன் பொருளன்று. ஏறத்தாழ 43,000 பேரைக் கொண்ட ஃபைசர் கொரோனா தடுப்பூசிச் சோதனையில் ஊசி போட்டவர்களில் 8 பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 162 பேருக்கும் நோய் வந்தது. அந்த இரண்டு எண்களின் ஒப்பீடுதான் 95.

கர்ப்பத்தைச் சொல்லாமல் மறைப்பது

உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆன தடுப்பூசிகளைக் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை.

அட்டையைத் தொலைப்பது

இரண்டு ஊசியா மூன்றா என்று நினைவைக் கேட்காதீர்கள். அட்டையைப் படமெடுத்து வையுங்கள்.

மூன்றாம் ஊசியோடு நிறுத்திவிடுவது

மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் ஹெபடைட்டிஸ் பி மூன்றாம் ஊசிக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பாற்றல் அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அது 10 mIU/mL என்ற அளவுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் மேற்கொண்டு ஊசிகளை எழுதித் தருவார்.