செப்டம்பர் 1: சிக்ஸ்த் ஃபார்ம் பிள்ளைகளின் பெற்றோர் பார்க்க வேண்டிய தேதி

வேலை விசாவில் இங்கிலாந்துக்கு வந்து, பிள்ளையை சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது பள்ளியின் கடைசி இரண்டு வருடத்தில், சேர்த்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் இந்த இரண்டு வருடமும் ஃபீஸ் இல்லை. அந்த நிம்மதியில்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

விண்ணப்பிக்கும் முறையைப் பள்ளியிலேயே சொல்லித் தருவார்கள். எல்லாம் யூகாஸ் எனும் பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் போடலாம். மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி. ஊரில் பிளஸ் டூ மார்க் வந்தபிறகு கட் ஆஃப் பார்த்துக் கவுன்சிலிங் போவோம். இங்கே பரீட்சைக்கு முன்பே, ஆசிரியர்கள் கணித்துத் தரும் கிரேடை வைத்து இடம் சொல்லிவிடுகிறார்கள். அதனால் இயர் 12 (நம் பிளஸ் ஒன்) முடிவில் வரும் பள்ளித் தேர்வை லேசாக விடாதீர்கள்.

இனி பணம். பல்கலைக்கழகக் கட்டணம் ஹோம், ஓவர்சீஸ் என்று இரண்டு வகை. கவுன்சிலிங் சீட்டுக்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் உள்ள தூரம்தான், ஆனால் இங்கே அதை முடிவு செய்வது மார்க் இல்லை, விசா. நம்மைப் போன்றவர்களுக்கு விதி இது: செப்டம்பரில் தொடங்கும் படிப்பு என்றால், செப்டம்பர் 1 அன்று பிள்ளைக்கு ஐ.எல்.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று வருடமும் இங்கே வசித்திருக்க வேண்டும். அரசின் மாணவர் கடனுக்கும் அதே தேதிதான்.

நாங்கள் வந்தது 2018 அக்டோபரில். மகள் 2023-இல் ஏ லெவல் (இங்குள்ள பிளஸ் டூ) முடித்தாள். ஐ.எல்.ஆர். கேட்கத் தேவையான ஐந்து வருடம் எங்களுக்கு நிறைவது அந்த அக்டோபரில். சில வாரம்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாற்ற முடியாது. படிப்பு தொடங்கிய பிறகு ஐ.எல்.ஆர். வந்தால், அந்தப் படிப்பு முடியும்வரை ஓவர்சீஸ் கட்டணம்தான். அப்போது ஹோம் கட்டணம் ஆண்டுக்கு 9,250 பவுண்டு. எங்களுக்கு வந்த கடிதத்தில் 26,000. நவம்பரில் அவளுடைய ஐ.எல்.ஆர். அட்டை தபாலில் வந்தது. அதைப் படம் எடுத்து விடுதியில் இருந்தவளுக்கு அனுப்பினேன். "அப்பா, இப்ப ஃபீஸ் குறையுமா?" என்றுதான் முதலில் கேட்டாள். திருச்சியில் அவள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுத்தான் கட்டி முடித்தோம்.

ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்திருந்தால் அந்த மனை இருந்திருக்கும். இடம் கிடைத்த பிறகும், அடுத்த வருடம் சேர்கிறேன் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம்; பல துறைகளில் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. "ஒரு வருஷம் வீணாப் போகுமே, கேட்கிறவங்களுக்கு என்ன சொல்றது?" என்று நானேதான் தடுத்தேன். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. கூடப் படித்த பிள்ளைகளில் சிலர் வேண்டுமென்றே ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டுச் சேர்கிறார்கள்.

ஆகவே இயர் 12-லேயே உங்கள் ஐ.எல்.ஆர். தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஐந்து வருடம் நிறைவதற்கு 28 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். ஐந்தைப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு முன்வைத்திருக்கிறது, அதனால் அரசுத் தளத்தில் இன்றைய விதியைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கு விதிகள் தனி. சந்தேகம் இருந்தால், வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் யூக்கிசா அமைப்பின் தளத்தைப் படியுங்கள், தெரிந்தவர் சொன்னதை நம்பி உட்காராதீர்கள். எனக்கும் ஒரு நண்பர்தான் "எல்லாம் சரியாயிடும்" என்றார்.

கடன் கிடைக்கிற நிலை வந்தால் பயப்படாதீர்கள். இங்கிலாந்தில் 2023-இலிருந்து சேர்ந்தவர்களுக்கு, ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. படிப்போடு சம்பளமும் தரும் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பையும் தேடிப் பாருங்கள். கட்டணம் மாணவர் கட்ட வேண்டியதில்லை.

இந்த வருடம் என்னோடு வேலை செய்பவரின் மகனுக்கும் இதே அக்டோபர் சிக்கல். அவன் சேர்க்கையைத் தள்ளிவைத்துவிட்டு மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஊரிலிருந்து அவன் பாட்டி "பையன் ஏன் காலேஜ் போகல?" என்று போனில் கேட்டபோது, நான் போனை வாங்கி அரை மணி நேரம் பேசினேன்.