மோசடி மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு விளையாடப் போகிறீர்களா?

விபத்தில் இறந்த எண்ணெய் கம்பெனி அதிகாரியின் பணம் வங்கியில் முடங்கிக் கிடக்கிறதாம். அதை எடுக்க உதவினால் முப்பது சதவீதம் நமக்காம். சரி என்றால் முதலில் வக்கீல் ஃபீஸ், அப்புறம் வரி, அப்புறம் முத்திரைக் கட்டணம் என்று கறந்துகொண்டே இருப்பார்கள். நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணான 419 என்ற பெயரிலேயே உலகம் முழுக்க அறியப்பட்ட மோசடி இது. இத்தகைய மின்னஞ்சலைக் கண்டதும் சிலருக்குக் கை அரிக்கும். ஏமாந்தவர்போல நடித்து அனுப்பியவனை அலையவிடுவார்கள். ஒரு மோசடிக்காரனை கமடோர் 64 கணினியின் விசைப்பலகையை மரத்தில் செதுக்கவே வைத்துவிட்ட கதை இப்படி விளையாடுவோரிடையே பிரபலம்.

அதைப் படித்துவிட்டு நாமும் இறங்கினால் என்ன என்று நினைப்பவர்கள் வழுக்கும் இடங்கள் சில உண்டு.

எதிராளி முட்டாள் என்ற நினைப்புதான் பலரையும் கவிழ்க்கிறது. பிழை மலிந்த ஆங்கிலத்தையும் நம்பவே முடியாத கதையையும் பார்த்துச் சிரிக்கிறோம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-ல் வெளியிட்ட கட்டுரையின் வாதம் வேறு: விவரமானவர்கள் முதல் கடிதத்திலேயே ஒதுங்கிவிட்டால் மோசடிக்காரனுக்கு லாபம்தான், மிஞ்சுகிறவர்களோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். ஏமாறுபவர்களும் அப்பாவிகள் மட்டுமல்ல. இம்மானுவல் ந்வூடே என்பவர் 1990-களில் நைஜீரிய மத்திய வங்கி ஆளுநராக நடித்து, கட்டப்படாத விமான நிலையத்தைக் காட்டி, பிரேசிலின் ஒரு வங்கியிலிருந்து 24 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார். பணத்தை அனுப்பியவர் அந்த வங்கியின் உயர் அதிகாரி.

சொந்த மின்னஞ்சலிலிருந்து பதில் போடவே கூடாது. பெயர், வேலை, கைப்பேசி எண் எல்லாம் கையெழுத்துப் பகுதியோடு தானாகவே போய்விடும். பதில் போகாவிட்டாலும், கடிதத்தில் இருக்கும் படம் திறந்தாலே நீங்கள் படித்துவிட்ட செய்தி அங்கே போய்ச் சேரலாம்.

அவனிடமிருந்தே காசு கறந்துவிட்டேன் என்று பெருமை பேசுவோரும் உண்டு. அந்தக் காசு பெரும்பாலும் இன்னொரு ஏமாளியுடையது. அவர் புகார் கொடுத்தால் விசாரணை உங்கள் கணக்கைத் தேடி வரும். கணக்கை முடக்கியபின் "சும்மா விளையாடினேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

எனக்கு ஒப்பாத இன்னொன்று உண்டு. இப்படி விளையாடிய சிலர் நைஜீரியாவிலிருந்து ஒரு மோசடிக்காரனை ஆசை காட்டி, சாட் நாட்டின் அபேஷே நகரம்வரை அனுப்பினார்கள். பக்கத்து சூடானின் டார்ஃபூர் பகுதியில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. நடுவழியில் காசில்லாமல் அந்த ஆள் தவிப்பதை இங்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரசித்தார்கள். திருடன்தான், ஆனால் ஆளைச் சாவின் விளிம்புக்கு அனுப்பும் உரிமையை யார் கொடுத்தார்கள்? அவமானப்படுத்தும் பலகையைப் பிடிக்கச் சொல்லிப் படம் வாங்குவதும் இதே ரகம். கறுப்பின இளைஞர்களை வைத்து வெள்ளையர்கள் நடத்தும் கேலி என்ற விமர்சனம் எழுந்ததில் வியப்பில்லை. நேரத்தை வீணடிப்பதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கும் இப்போது மனிதர்கள் தேவையில்லை. நியூசிலாந்தின் இணையப் பாதுகாப்பு அமைப்பான நெட்சேஃப் 2017-லேயே மோசடிக் கடிதங்களுக்கு ஓயாமல் பதில் போடும் நிரல் ஒன்றை இறக்கிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் விளையாட்டில் உருப்படியாகக் கிடைப்பது ஒன்றுதான்: பணம் போடச் சொல்லி அவன் தரும் வங்கிக் கணக்கு எண். அதை வாங்கியதும் அந்த வங்கிக்குத் தெரிவித்துவிட்டு ஒதுங்கிவிடலாம். உண்மையிலேயே பணம் போயிருந்தால் விளையாட்டுக்கே இடமில்லை. இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சில வாரம் கழித்து "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்" என்று போலீஸ் பெயரிலோ வக்கீல் பெயரிலோ கடிதம் வரும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறிக்கொண்டே இருப்பதால், அந்தக் கடிதத்தை அனுப்புபவர் பழைய ஆளாகவேகூட இருக்கலாம்.