பச்சைக் கோடு பயிற்சி அல்ல

பயிற்சிக்கென்று ஒரு மென்பொருள் வாங்கியதும் அலுவலகங்களில் நடக்கும் முதல் தவறு, அது காட்டும் ‘நிறைவு 100%’ என்ற பச்சைக் கோட்டை அப்படியே நம்புவது. யார் உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கம்வரை போனார்கள், எத்தனை மதிப்பெண் எடுத்தார்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். வீடியோவை ஒரு மூலையில் ஓடவிட்டு மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவரும் அதன் கணக்கில் படித்து முடித்தவரே. நானும் அப்படிச் சில பாடங்களை ‘முடித்திருக்கிறேன்’.

பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதத் தொடங்கினார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பச்சைக் கோடு இதில் எந்தப் படியையும் தொடுவதில்லை. மூன்றாவது படியைப் பார்க்க, பயிற்சி மென்பொருளை விட்டு வெளியே வரவேண்டும். புது பில்லிங் முறையைச் சொல்லிக்கொடுத்தீர்களா? சரி, ஒரு மாதம் கழித்து, தப்பாகப் போட்டுத் திருத்திய பில்கள் குறைந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிப்பது. அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்ட ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக வேலையைக் காட்டிவிடுகிறது என்று 1885-இல் வெளியிட்டார். அதற்கு மருந்து அதே வீடியோவை மறுபடி போடுவது அல்ல. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தொழில்நுட்பம் நிஜமாகவே கைகொடுப்பது இங்கேதான். மூன்று நாள் கழித்து இரண்டு கேள்வி, இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு என்று போனுக்கு அனுப்ப எந்தப் பயிற்சியாளருக்கு நேரம் இருக்கிறது? மென்பொருள் சலிக்காமல் அனுப்பும்.

ஆனால் கேள்வி கேள்வியாக இருக்கவேண்டும். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்பதே எப்போதும் சரியான விடை என்று ஊழியர்கள் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகாது. விதி எண்ணைக் கேட்பதைவிட, “வாடிக்கையாளர் ரசீது இல்லாமல் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள்.

அப்புறம், ஸ்லைடில் இருப்பதை வரிக்கு வரி வாசிக்கும் குரல், அதைத் தூக்கிவிடலாம். படத்தைக் காட்டிப் பேசினாலே போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கும் பாடம் தயாரிப்பது வீண் செலவு. அந்த வேலைக்கான படிவம் திறக்கும் இடத்திலேயே ஒரு பக்கக் குறிப்பை வைத்தால், தேவைப்படும்போது பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, “நேரம் கிடைக்கும்போது பார்த்துவிடுங்கள்” என்ற மெயில். நேரம் கிடைக்காது. வேலை நேரத்திலேயே அரை மணியைக் காலண்டரில் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் யாரையும் மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள்.