‘நான் செய்தேன்’ என்று வேட்பாளர் சொன்னால் சரிபார்ப்பது எப்படி?

தேர்தல் வருடமென்றால், புரட்டாசி சனிக்கிழமை பூசை முடிந்து வாழையிலை போடும் நேரத்தில்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் வேட்பாளர்கள் வந்து சேருவார்கள். கைகூப்புவார்கள், ஆயாமார்களின் காலைத் தொட்டு வணங்குவார்கள், போகும்போது கையில் ஒரு நோட்டீசைத் திணித்துவிட்டுப் போவார்கள். அதன் ஒரு பக்கத்தில் வாக்குறுதிகள் இருக்கும். மறுபக்கத்தில், ‘நான் செய்தவை’ என்ற பட்டியல்.

வாக்குறுதியை இன்றைக்கு யாராலும் சரிபார்க்க முடியாது. ஆனால் பட்டியலில் இருப்பது நடந்து முடிந்த கதை. நடந்திருந்தால் எங்காவது தாளில் பதிந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வக்கீலோ பத்திரிகைக்காரரோ வேண்டாம். ஒரு போனும் இரண்டு மூன்று மாலைப்பொழுதும் பொறுமையும் போதும்.

பழகிப் பார்க்க ஒரு நோட்டீஸ் தருகிறேன். இது நானே எழுதியது, எந்த வேட்பாளருடையதும் அல்ல:

“நான் கவுன்சிலராக இருந்தபோது நம் வார்டில் 12 தெருக்களுக்குத் தார் போட்டேன். குற்றத்தை 30 சதவீதம் குறைத்தேன். ஆயிரம் குடும்பங்களுக்கு 350 ரேண்ட் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தேன். என் காலத்தில் நகராட்சிக்குத் தணிக்கையில் நல்ல சான்று கிடைத்தது.”

முதல் படி: சொன்னதைச் சொன்னபடி எடுத்து வையுங்கள்

நோட்டீசின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். மேடைப் பேச்சென்றால் ஒலிப்பதிவு செய்யுங்கள், தேதியும் இடமும் குறியுங்கள். ஃபேஸ்புக் பதிவென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு, பக்கம் எல்லாருக்கும் திறந்திருந்தால், இணையப் பக்கங்களைப் பாதுகாத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் சேமித்துவிடுங்கள். பதிவை நாளை நீக்கிவிடலாம், அல்லது ஒரே ஒரு சொல்லை மாற்றிவிடலாம். ‘ஏதோ பத்துப் பன்னிரண்டு தெரு என்றார்’ என்று ஞாபகத்திலிருந்து தொடங்கினால் கடைசிவரை தடுமாற்றம்தான்.

இரண்டாம் படி: வினைச்சொல்லைப் பிடியுங்கள்

என் அனுபவத்தில் முழுப்பொய் குறைவு. நடந்த காரியத்துக்கு வேறொருவர் உரிமை கொண்டாடுவதுதான் அதிகம். அது வினைச்சொல்லில்தான் ஒளிந்திருக்கும். ‘தார் போட்டேன்’ என்பது வேறு, ‘போட வைத்தேன்’ என்பது வேறு, ‘போடச் சொல்லிக் கேட்டேன்’ என்பது வேறு. ‘நான் இருந்தபோது போட்டார்கள்’ என்பது இவை எல்லாவற்றையும் விட வேறு. நோட்டீசில் உள்ள ஒவ்வொரு வினைக்கும் அடிக்கோடு போட்டு, இந்த நான்கில் எது என்று பக்கத்தில் எழுதுங்கள். தார் விழுந்ததா என்பது ஒரு கேள்வி, அதில் இவருக்கு என்ன பங்கு என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கலக்காதீர்கள்.

மூன்றாம் படி: இது யாருடைய வேலை?

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 4, 5ஆம் அட்டவணைகளில் ‘பி’ பகுதிகளைத் திறந்து பாருங்கள். நகராட்சியின் வேலைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன: நகராட்சிச் சாலை, தெருவிளக்கு, குப்பை, பூங்கா, சுடுகாடு, இடுகாடு. பள்ளிக்கூடம் மாகாணத்தின் கையில். ஆர் கே கான் ஆஸ்பத்திரியும் மாகாணத்தினுடையது. என்2, என்3 நெடுஞ்சாலைகள் தேசியச் சாலை நிறுவனமான சான்ரலின் பொறுப்பு. மின்சார உற்பத்தி பெரும்பாலும் அரசு மின் நிறுவனமான எஸ்கொமிடம். ‘லோட் ஷெட்டிங்கை (சுழற்சி மின்வெட்டை) நான்தான் நிறுத்தினேன்’ என்று ஒரு வார்டு கவுன்சிலர் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

இந்தப் படியிலேயே நம் நோட்டீசின் மூன்றாவது வரி உதிர்ந்துவிடும். 350 ரேண்ட் உதவித்தொகை 2020 மேயில் நாடு முழுவதற்கும் வந்தது, 2024 ஏப்ரலில் 370 ஆனது. கொடுப்பது தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சாசா, விண்ணப்பிப்பது அவரவர். கவுன்சிலர் அலுவலகத்தில் உட்கார்ந்து வயதானவர்களுக்குப் போனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருந்தால் அது நல்ல சேவை, மெச்ச வேண்டியதுதான். ஆனால் ‘நிரப்பிக் கொடுத்தேன்’ என்பது ‘வாங்கிக் கொடுத்தேன்’ ஆகாது.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 2021 தேர்தலில் டர்பன் நகராட்சியான எத்தெக்வினியின் கவுன்சிலுக்கு 222 இடங்கள், அதில் 111 வார்டு இடங்கள், மற்றவை கட்சிகள் வாங்கிய வாக்குக்கேற்ப அவற்றின் பட்டியலிலிருந்து. உங்கள் வேட்பாளர் வார்டு கவுன்சிலராக இருந்தாரா, பட்டியல் உறுப்பினரா? வார்டு கமிட்டிக்குத் தலைமை வகிப்பவர் வார்டு கவுன்சிலர். பட்டியல் உறுப்பினர் ‘என் வார்டு’ என்று பேசினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தெருவுக்குப் போங்கள்

தார் விஷயத்தை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. முதலில் எந்த 12 தெரு என்று பெயர்ப்பட்டியல் கேளுங்கள். பெயர் கிடைத்ததும், அந்தத் தெரு அவர் பதவியிலிருந்த நாட்களில் அதே வார்டில்தான் இருந்ததா என்று பாருங்கள். நகராட்சித் தேர்தலுக்கு முன்னால் எல்லை நிர்ணய வாரியம் வார்டு எல்லைகளை மாற்றி வரையும். நான் இதில் அடிபட்டவன். ஒருவர் நோட்டீசில் போட்டிருந்த தெருவைத் தேடிப் போய், ‘இது உங்கள் வார்டே இல்லை, பொய் சொல்கிறீர்கள்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டேன். அது நாற்பது பேருக்குப் போய்விட்டது. பழைய எல்லைப்படி அந்தத் தெரு அவருடைய வார்டில்தான் இருந்திருக்கிறது. அதே குரூப்பில் மன்னிப்புக் கேட்டேன், அவர் வீட்டுக்குப் போய் நேரிலும் கேட்டேன். அன்றிலிருந்து அந்தந்த வருடத்து வார்டு வரைபடத்தைத் திறக்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

தெருவில் நின்று பார்க்கும்போது, ஒட்டுப்போட்ட தாரும் முழுத் தெருவுக்குப் போட்ட தாரும் கண்ணுக்கே தெரியும். குழியை அடைத்த இடம் சதுரமாக, மற்ற இடத்தைவிடக் கருப்பாக இருக்கும். முழுத் தெருவென்றால் ஓரக்கல்லிலிருந்து எதிர் ஓரக்கல்வரை ஒரே நிறம். வேலை நடக்கும் இடத்தில் பலகை நிற்கிறதா? யார் பணம், எந்தத் துறை, யார் ஒப்பந்தக்காரர் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும், படம் எடுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்கும்போது ‘எப்போது போட்டார்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் மகள் கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா?’ என்று கேளுங்கள். மனிதர்களுக்குத் தேதி மறந்துவிடும், கல்யாணம் மறக்காது.

பிறகு கூகுள் ஸ்ட்ரீட் வியூ. தென்னாப்பிரிக்காவுக்கு அது 2010இல் வந்தது. பல தெருக்களுக்குப் பழைய வருடங்களின் படங்களும் உண்டு. படத்தின் மூலையில் தேதியைத் தொட்டால் பின்னோக்கிப் போகலாம். அவர் பதவிக்கு வருவதற்கு முந்தைய படத்திலேயே தெரு கருகருவென்று புதுத் தாரோடு இருந்தால், விஷயம் தெளிவு.

ஐந்தாம் படி: தாளுக்குப் போங்கள்

நகராட்சியின் வரவுசெலவுத் திட்டமும் ஆண்டறிக்கையும் இணையத்தில் கிடைக்கும். தேசியக் கருவூலம் நடத்தும் ‘முனிசிபல் மணி’ தளத்தில் ஒவ்வொரு நகராட்சியின் கணக்கையும் எளிய படமாகப் பார்க்கலாம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அந்த ஆண்டின் அறிக்கையை ஏழு மாதத்துக்குள், அதாவது ஜனவரி முடிவதற்குள், கவுன்சிலில் வைக்க வேண்டும். அந்தத் தெருவுக்குப் பணம் ஒதுக்கிய ஆண்டு எது, அப்போது இவர் பதவியில் இருந்தாரா, கூட்டத்தில் அதற்காகப் பேசினாரா என்று பாருங்கள். பேசியிருந்தால் கூட்டக் குறிப்பில் இருக்கும், அவருக்கு உரிய பெருமையைத் தாராளமாகக் கொடுங்கள்.

இணையத்தில் இல்லையா? தகவல் பெறும் உரிமைக்கு 2000ஆம் ஆண்டின் பாயா சட்டம் இருக்கிறது. படிவம் 2ஐ நிரப்பி நகராட்சி மேலாளருக்கு அனுப்பலாம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு, அதை இன்னொரு 30 நாள் நீட்டிக்கவும் முடியும். ஆகவே தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் எழுதிப் பயனில்லை. நோட்டீஸ் வருவதற்கு முன்பே, பழைய கவுன்சிலர் மறுபடி நிற்பார் என்று தெரிந்தவுடனே அனுப்புங்கள்.

ஆறாம் படி: சதவீதத்தை உடைத்துப் பாருங்கள்

‘30 சதவீதம் குறைந்தது’ என்றால் எதிலிருந்து எதற்கு? எந்தக் குற்றம்? போலீஸ் துறை ஸ்டேஷன் வாரியாகக் காலாண்டுப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. ஸ்டேஷன் எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றல்ல என்பதால் ‘நம் வார்டில்’ என்ற சொல்லே சந்தேகத்துக்குரியது. போலீசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அவர்களுடைய முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன்வரை, நகராட்சியினுடையது ஜூலை முதல் செப்டம்பர்வரை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கே தப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக 2020ஐக் கவனியுங்கள். மார்ச் 27 முதல் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தோம், அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் குற்றம் தானாகவே விழுந்தது. 2019ஐ அதோடு ஒப்பிட்டால் யாரும் வீரராகத் தெரிவார்கள். அதே காலாண்டை அடித்தளமாக வைத்தால் அடுத்த வருடம் யாரும் கெட்டவராகத் தெரிவார்கள். முன்னும் பின்னுமாக ஐந்தாறு வருடத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

ஏழாம் படி: தணிக்கைச் சொற்கள்

இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தலைமைத் தணிக்கையர் ‘அன்குவாலிஃபைட்’ என்று எழுதினால் குறையென்று தோன்றும், ஆனால் அது கணக்குகள் சரியாக இருக்கின்றன என்று பொருள். அதற்கும் ‘கிளீன் ஆடிட்’டுக்கும் பெரிய இடைவெளி. கணக்கும் சரி, சட்டத்தை மீறியதாகவோ பணிகளின் அறிக்கையில் குறை என்றோ எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்றால்தான் கிளீன். 2022-23இல் நாட்டின் 257 நகராட்சிகளில் 34தான் அதை எட்டின. ‘நல்ல சான்று’ என்ற மழுப்பல் எதைக் குறிக்கிறது என்று அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

வேட்பாளரின் படிப்புப் பட்டம் பற்றிய பேச்சையும் விடாதீர்கள். 2014இல் முன்னாள் அமைச்சர் பாலோ ஜோர்டனின் முனைவர் பட்டத்தைப் பத்திரிகை தேடியபோது அது இல்லை என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு அவர் நாடாளுமன்றத்திலிருந்து விலகினார். பல வருடம் யாரும் கேட்காமலே இருந்த ஒரே ஒரு கேள்விதான் அது.

எட்டாம் படி: அவரிடமே கேளுங்கள்

கண்டதை வெளியிடுவதற்கு முன்னால் அவருக்கு எழுதுங்கள், பதில் சொல்ல மூன்று நான்கு நாள் கொடுங்கள். மரியாதையாக, ‘ஐயா’, ‘அம்மா’ என்றே எழுதுங்கள். உங்களிடம் இல்லாத ஒரு கடிதம் அவர் கையில் இருக்கலாம். தேர்தல் முடிவை மாற்றும் எண்ணத்தோடு பொய்த் தகவல் பரப்புவது தேர்தல் சட்டப்படி குற்றம். அது வேட்பாளருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் பொருந்தும். உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரரின் நோட்டீசையும் இதே எட்டுப் படியில் ஏற்றுங்கள்.

கடைசியில் குரூப்பில் போடும்போது ‘பொய்’, ‘உண்மை’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். நம் பழக்க நோட்டீசின் முதல் வரிக்கு இப்படி எழுதலாம்:

“12 தெரு என்கிறார். 9 தெருவில் முழுத் தார் பார்த்தோம், 2இல் ஒட்டுமட்டும், 1 தெருவின் பெயர் தரவில்லை. 9இல் 4 தெரு அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே போட்டவை. மீதி 5க்காக அவர் கவுன்சிலில் பேசியது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அவரிடம் கேட்டோம், பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே போடுவோம். படங்களும் தேதிகளும் கீழே.”