பொங்கல் விடுமுறையில் இணையத்தில் கடையைப் புதுப்பிக்க

பொங்கல் துணியெல்லாம் தைத்துக் கொடுத்ததும் எங்கள் தையல் கடைக்குக் காணும் பொங்கல் வரை விடுமுறை. இணையத்தில் கடை எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க எனக்கு அப்போதுதான் நேரம்.

முதலில் கூகுள் மேப்ஸ். வழக்கமான நேரத்தைத் தொடாதீர்கள். சிறப்பு நேரம் என்ற இடத்தில் அந்தத் தேதிகளுக்கு மட்டும் விடுமுறை என்று போடுங்கள். தேதி கழிந்ததும் பழைய நேரமே வந்துவிடும். இரண்டு பேருந்து மாறி வருகிறவர் பூட்டைப் பார்த்துத் திரும்பக் கூடாது.

அப்புறம் படங்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஆரி வேலை செய்த ரவிக்கையை டியூப்லைட்டின் கீழ் எடுத்தால் ஜரிகை வெளிறிவிடும், மெரூன் பழுப்பாகத் தெரியும். காலையில் வாசல் பக்கம், நேர்வெயில் விழாத இடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்து எடுங்கள். கழுத்து வேலைப்பாட்டை நெருங்கி ஒன்று, முதுகுப்பக்கக் கயிறும் குஞ்சலமும் தெரிய ஒன்று. கூகுள் மேப்ஸில் ஏற்றும் ஒரு படம் 5 எம்பியைத் தாண்டக் கூடாது.

கடைகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், வேலைகளையும் விலையையும் காட்டும் பட்டியலான கேட்டலாகில் பழைய கூலி இருந்தால் மாற்றுங்கள். லைனிங் வைத்தால் எவ்வளவு, வைக்காவிட்டால் எவ்வளவு என்று தனித்தனியாக. தானாகப் போகும் பதிலில் கடை திறக்கும் தேதியைச் சேருங்கள்.

ரிவ்யூக்களில் குறை சொன்னவருக்கே முதல் பதில்: "கொண்டு வாருங்கள், பிரித்துத் தைத்துத் தருகிறோம்."